வீட்டு ரோபோ வரும் பழைய காமிக்ஸ்களைத் தேடுவதும் சரிபார்ப்பதும் பாதுகாப்பதும்

வீட்டு வேலை செய்யும் ரோபோக்கள் வரும் பழைய அறிவியல் புனைகதை காமிக்ஸ்களைச் சேர்க்கத் தொடங்குபவர்கள், ரோபோவின் படத்தை அட்டையில் தாங்கிய இதழ்களைத்தான் முதலில் தேடுகிறார்கள். அந்த வழியில் கிடைப்பவை பெரும்பாலும் நகரங்களை நொறுக்கும் இயந்திரங்களும் அவற்றோடு மோதும் வீரர்களும்தான். சமையலறையில் தட்டுகளைக் கழுவுகிற, குழந்தையைத் தூங்க வைக்கிற, வாசலில் நின்று விருந்தாளியின் கோட்டை வாங்கி மாட்டுகிற ரோபோக்கள், 1940களிலிருந்து 1960கள் வரை வந்த அமெரிக்கத் தொகுப்பிதழ்களின் உள்ளே, ஐந்து முதல் எட்டுப் பக்கம் வரையுள்ள சிறுகதைகளில் அடங்கிக் கிடக்கின்றன. அத்தகைய ஓர் இதழில் மூன்று நான்கு கதைகள் இருக்கும். அட்டைப்படம் பெரும்பாலும் அவற்றில் ஒன்றுக்கே உரியதாக இருக்கும். அந்த ஒன்றை விண்கலமோ வேற்றுக்கிரகவாசியோ பிடித்துக்கொள்வது வழக்கம். ஆகவே இந்த வகையைச் சேர்ப்பவர் இதழின் பெயரைக் கொண்டு தேடாமல் கதையைக் கொண்டு தேட வேண்டும். தேடும் இடம், வாங்கும்போது பார்க்க வேண்டியவை, வைத்துப் பாதுகாக்கும் விதம் ஆகிய அனைத்தும் இந்த ஒரு முடிவிலிருந்தே பிறக்கின்றன.

எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதை முதலிலேயே தீர்மானித்துக்கொள்வது நல்லது. 1952இல் பிரிட்டனின் லயன் வார இதழில் தொடங்கிய ஆர்ச்சி புகழ்பெற்ற ரோபோதான். ஆனால் அவன் காட்டிலும் கடலிலும் சாகசம் செய்பவன், வீட்டோடு அவனுக்குத் தொடர்பில்லை. 1963 பிப்ரவரியில் கோல்ட் கீ நிறுவனம் வெளியிட்ட மாக்னஸ் இதழில், கி.பி. 4000ஆம் ஆண்டின் மனிதர்கள் எல்லா வேலையையும் ரோபோக்களிடம் விட்டுவிட்டுச் சோம்பிக் கிடக்கிறார்கள். அதை வரைந்த ரஸ் மானிங்கின் கோடுகள் அத்தனை தெளிவானவை என்பதால் விட்டுவிட மனம் வராது என்றாலும், கதையின் மையம் மோதல்தான். என் அளவுகோல் எளிமையானது: ரோபோவை எடுத்துவிட்டால் அந்தக் குடும்பத்தின் அன்றாடம் நின்றுபோகுமா? நின்றுபோகும் என்றால் அது வீட்டு ரோபோ கதை. அளவுகோல் எதுவாக இருந்தாலும், அது இல்லாமல் தொடங்கினால் ஓராண்டுக்குள் கையில் இருப்பது பொதுவான ரோபோ காமிக்ஸ் குவியலாகிவிடும்.

இந்த அளவுகோலில் தேறுகிற, பெயரைக் கொண்டே கண்டுபிடிக்கக்கூடிய சில தொடர்களும் உண்டு. தொடங்குபவருக்கு இவை கைகொடுக்கும். கோல்ட் கீயின் ஜெட்சன்ஸ் இதழ்கள் 1963 ஜனவரி முதல் 1970 வரை 36 வந்தன. தொலைக்காட்சித் தொடரிலிருந்து வந்த ரோசி என்ற பணிப்பெண் ரோபோ அவற்றில் வருகிறாள். டிசி நிறுவனத்தின் ஸ்ட்ரேஞ்ச் அட்வென்ச்சர்ஸ் 114ஆம் இதழில், 1960 மார்ச் தேதியிட்டு, ஸ்டார் ஹாக்கின்ஸ் என்ற துப்பறிவாளரும் இல்டா என்ற அவருடைய ரோபோ உதவியாளரும் அறிமுகமானார்கள். இந்தத் தொடர் ஒவ்வோர் இதழிலும் வராமல் இடைவெளி விட்டே வந்தது என்பதால், ஒவ்வோர் இதழின் உள்ளடக்கத்தையும் பார்த்துத்தான் வாங்க வேண்டும். பிரிட்டனின் டாண்டி வார இதழில் 1964இல் தொடங்கிய பிராஸ்நெக் தொடரில், ஒரு சிறுவனுக்கு அவன் மாமா செய்து தந்த உலோகச் சிறுவன் வருகிறான். ஜப்பானில் 1952 முதல் 1968 வரை ஒசாமு தெசுகா வரைந்த ஆட்டம் (Atom) என்ற ரோபோச் சிறுவன், இறந்துபோன மகனுக்குப் பதிலாக ஒரு விஞ்ஞானி உருவாக்கிய பிள்ளை. அவர் அவனைக் கைவிட்ட பிறகு அவனுக்கென்று ரோபோத் தாயும் தந்தையும் தங்கையும் ஒரு வீடும் அமைகின்றன. டோரேமான் பற்றிப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

இந்த ரோபோக்கள் ஏன் இப்படி வரையப்பட்டன என்பதற்கு ஒரு பின்னணியைத் தெரிந்துகொண்டு தேடினால் கண் பழகிவிடும். 1939இல் நியூயார்க்கில் நடந்த உலகக் கண்காட்சியில் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் எலெக்ட்ரோ என்ற ஏழடி உயர ரோபோவை நடக்கவும் பேசவும் வைத்துக் காட்டியது. வீட்டு மின்சாதனங்களை விற்ற அதே நிறுவனம்தான் அந்த ரோபோவையும் செய்தது. அதற்குப் பிறகு வந்த காமிக்ஸ்களில் வீட்டு ரோபோவின் மார்பில் அடுப்பின் திருகுகளும், வயிற்றில் குளிர்பதனப் பெட்டியின் கதவுப் பிடியும், உருண்ட தோள்களும் இருப்பதைக் காணும்போது, ஓவியர்கள் எந்தச் சாதனங்களைப் பார்த்து வரைந்தார்கள் என்பது விளங்கும்.

கதையைக் கண்டுபிடிப்பது

கிராண்ட் காமிக்ஸ் டேட்டாபேஸ் என்ற பொதுத் தரவுத்தளம் இந்த வேலைக்கு மிகவும் உதவும். அது ஓர் இதழைத் தலைப்போடு நிறுத்திவிடாமல், உள்ளே உள்ள ஒவ்வொரு கதையையும் பக்க எண்ணிக்கை, எழுத்தாளர், ஓவியர் ஆகிய விவரங்களுடன் தனித்தனியாகப் பதிவு செய்கிறது. பல கதைகளுக்குச் சுருக்கமும் உண்டு. தேடும்போது ரோபாட் என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. மெய்ட், பட்லர், நர்ஸ், ஹவுஸ்கீப்பர், சர்வன்ட், மெக்கானிக்கல் மேன், ஆட்டோமேட்டன் ஆகிய சொற்களையும், வீடே இயந்திரமாக இருக்கும் கதைகளுக்காக ஹவுஸ் என்ற சொல்லையும் ஆங்கில எழுத்துகளில் இட்டுத் தேட வேண்டும். கிடைப்பவற்றில் பாதி பயனற்றவையாக இருக்கும். எனினும் தலைப்பில் ரோபோ என்ற சொல்லே இல்லாத நல்ல கதைகள் இந்த வழியில்தான் அகப்படுகின்றன.

வாங்குவதற்கு முன் கதையைப் படித்துப் பார்க்க முடிந்தால் ஏமாற்றம் குறையும். அமெரிக்கச் சட்டப்படி 1964க்கு முன் வெளியானவற்றின் பதிப்புரிமையை 28ஆம் ஆண்டில் புதுப்பித்திருக்க வேண்டும். அப்படிப் புதுப்பிக்காத பதிப்பகங்கள் பல. அவற்றின் இதழ்கள் பொதுவுடைமையாகிவிட்டதால், டிஜிட்டல் காமிக் மியூசியம், காமிக் புக் ப்ளஸ் ஆகிய இரு தளங்களிலும் முழு இதழையும் அட்டை முதல் பின்னட்டை வரை படிக்கலாம். டிசி, இசி போன்ற பதிப்பகங்களின் கதைகள் அங்கே கிடைக்கா. அவற்றுக்கு நூலாக வந்த மறுபதிப்புகளைத்தான் நாட வேண்டும்.

ஒரே எண், இரண்டு இதழ்கள்

இசி பதிப்பகத்தின் வியர்ட் ஃபேன்டஸி இதழ்களை வாங்கும்போது விழிப்பாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. புதிய இதழ் ஒன்றைத் தொடங்கினால் தபால் சலுகைக்கான உரிமத்தைப் புதிதாகப் பெற வேண்டியிருந்த காலம் அது. அந்தச் செலவைத் தவிர்க்க, பதிப்பாளர்கள் நின்றுபோன இதழின் எண் வரிசையிலேயே புதிய பெயரை ஏற்றினார்கள். ஒரு காதல் கதை இதழின் தொடர்ச்சியாக, 1950 மே-ஜூனில் வியர்ட் ஃபேன்டஸி 13ஆம் எண்ணோடு தொடங்கியது. 17 வரை போன பிறகு எண்களைச் சரிசெய்து, 1951 மார்ச்-ஏப்ரல் இதழுக்கு 6 என்று இட்டார்கள். அங்கிருந்து தொடர்ந்து 1953 இறுதியில் 22இல் முடிந்தது. இதன் விளைவாக 13, 14, 15, 16, 17 ஆகிய ஐந்து எண்களும் இரண்டிரண்டு முறை வருகின்றன.

இது நம் தேடலை நேரடியாகத் தொடுகிற சிக்கல். வீட்டு ரோபோ காமிக்ஸ்களில் எனக்கு எல்லாவற்றுக்கும் மேலானதாகப் படும் கதை, ரே பிராட்பரியின் சிறுகதையை வைத்து வாலஸ் வுட் வரைந்த தேர் வில் கம் சாஃப்ட் ரெய்ன்ஸ், 17ஆம் எண்ணில்தான் வந்தது. ஆனால் அது 1953 ஜனவரி-பிப்ரவரியின் 17. 1951 ஜனவரி-பிப்ரவரியின் 17ஐ வாங்கிவிட்டால் அந்தக் கதை அதில் இருக்காது. எனவே விற்பவரிடம் எண்ணை மட்டும் சொல்லிக் கேட்காமல், ஆண்டையும் மாதத்தையும் சேர்த்துச் சொல்லி, கதையின் முதல் பக்கத்தின் படத்தையும் அனுப்பச் சொல்லுங்கள். நேர்மையான எந்த விற்பனையாளரும் இதற்குத் தயங்க மாட்டார்.

காலத்தைக் கண்டறிவது

தேதிக்கு முதல் சான்று, முதல் பக்கத்தின் அடியிலோ முன்னட்டையின் உட்புறத்திலோ பொடி எழுத்தில் இருக்கும் பதிப்புக் குறிப்பு. இதழின் சட்டப்பூர்வப் பெயர், எண், மாதம், பதிப்பகத்தின் முகவரி ஆகியவை அங்கே இருக்கும். அட்டையில் உள்ள பெயருக்கும் இந்தக் குறிப்பில் உள்ள பெயருக்கும் வேறுபாடு இருந்தால், குறிப்பில் உள்ளதையே பதிவில் எழுத வேண்டும். அட்டையில் அச்சான மாதம் இதழ் கடைக்கு வந்த மாதம் ஆகாது. அமெரிக்க இதழ்கள் பொதுவாக இரண்டு மூன்று மாதங்கள் முன்தேதியிட்டே வந்தன. சில பிரதிகளின் அட்டையில் கடைக்காரர் குத்திய தேதி முத்திரையோ பென்சிலால் எழுதிய தேதியோ இருக்கும். அதைக் கறை என்று எண்ணி அழிக்க முயல வேண்டாம். அந்தப் பிரதி கடைக்கு வந்த நாளுக்கு அதுவே நேரடிச் சான்று.

விலையும் துணைச் சான்றாகும். அமெரிக்க இதழ்களில் பெரும்பாலானவற்றின் விலை 1961 இறுதி வரை 10 சென்ட், 1962 முதல் 12 சென்ட், 1969இலிருந்து 15 சென்ட். அடுத்து, வலது மேல்மூலையில் தபால்தலை வடிவிலிருக்கும், காமிக்ஸ் கோட் என்ற தணிக்கை நெறிமுறையின் முத்திரையைப் பாருங்கள். அந்த நெறிமுறை 1954 அக்டோபரில் ஏற்கப்பட்டது. முத்திரை 1955இன் தொடக்க இதழ்களிலிருந்து காணப்படுகிறது. டெல், கோல்ட் கீ ஆகிய இரு பதிப்பகங்களும் அந்த முத்திரையை ஏற்கவே இல்லை. எனவே ஜெட்சன்ஸ் இதழில் முத்திரை இல்லையே என்று ஐயப்படத் தேவையில்லை. இருந்தால்தான் ஐயப்பட வேண்டும்.

அசலா, மறுபதிப்பா

இசி இதழ்கள் 1970களிலும் 1990களிலும் முழு இதழாகவே மறுபதிப்புக் கண்டன. அவற்றை ஏமாற்று வேலை என்று சொல்ல முடியாது. புதிய விலையும் புதிய பதிப்புக் குறிப்பும் தாங்கியே வந்தன. ஆனால் அட்டையின் படத்தை மட்டும் பார்த்து வாங்குபவர்கள் மறுபதிப்பை அசலின் விலைக்கு வாங்கிவிடும் ஆபத்து உண்டு. பத்து மடங்கு உருப்பெருக்கும் சிறு கண்ணாடி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அசல் இதழ்கள் எழுத்தச்சு முறையில், நியூஸ்பிரிண்ட் தாளில் அச்சானவை. மேடான தகடு தாளில் அழுந்தும்போது மை ஓரத்துக்குத் தள்ளப்படுவதால், வண்ணப் புள்ளியின் விளிம்பு நடுவைவிட அடர்ந்து, சற்றே கோணலாகத் தெரியும். பிற்கால ஆஃப்செட் அச்சில் அந்த அடர்ந்த விளிம்பு இருக்காது. புள்ளிகளும் நுண்ணியவை, ஒழுங்கானவை.

வண்ணத்தைப் பற்றி இன்னும் ஒன்று. அக்கால அச்சில் நீலம், சிவப்பு, மஞ்சள் ஆகிய மூன்றையும் 25, 50, 100 விழுக்காட்டு அடர்த்திகளிலோ பூசாமல் விட்டோ கலந்து கிடைத்தவை 64 வண்ணச் சேர்க்கைகள் மட்டுமே. உலோகத்தின் பளபளப்பைக் காட்ட இவற்றில் தனி வண்ணம் கிடையாது. வெளிர்நீலத்தைப் பூசி, மேலே கறுப்புக் கோடுகளால் ஒளியையும் நிழலையும் காட்டித்தான் பல ரோபோக்களுக்கு உடல் கொடுத்தார்கள். எழுபது ஆண்டுகளில் தாள் மஞ்சளித்துவிட்டதால் அந்த நீலம் இன்று பச்சை கலந்த சாம்பலாகத் தெரிகிறது. புதிய மறுபதிப்பில் வெள்ளைத் தாளின்மேல் கணினியில் தீட்டிய வெள்ளி மினுக்கத்தைக் காண்பவர்கள், அசலில் அது மங்கிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அசலில் அந்த மினுக்கம் ஒருபோதும் இருந்ததில்லை. இசி இதழ்களுக்கு வண்ணம் அமைத்த மேரி செவரின், இந்தச் சிறிய வண்ணப் பெட்டியை வைத்துக்கொண்டே ஓர் அறையின் வெளிச்சம் மாறுவதைக் காட்டியிருக்கிறார். அதை அறிய அசல் பிரதியையோ, அசலின் வண்ணத்தை மாற்றாத மறுபதிப்பையோதான் பார்க்க வேண்டும்.

பிரதி முழுமையாக இருக்கிறதா என்று பார்ப்பது

வீட்டு ரோபோ கதை இதழின் நடுவில் இருக்கக்கூடும் என்பதால், நடுத்தாள் இருக்கிறதா என்பதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஒரு தாளை மடித்தால் நான்கு பக்கங்கள் ஆகின்றன. பின்களிலிருந்து நடுத்தாள் கழன்று விழுந்திருந்தால் ஏழு பக்கக் கதையில் நான்கு பக்கங்களும் போய்விடும், அட்டை மட்டும் புதிதுபோல இருக்கும். 1950களின் இதழ்களில் உள்ளே 32 பக்கங்கள் இருப்பது வழக்கம். அட்டையைச் சேர்க்காமல், ஒவ்வொரு பக்கமாக எண்ணுங்கள். 1940களின் இதழ்கள் இன்னும் தடிமனானவை, சற்று அகலமானவையும்கூட. அவற்றுக்கு ஏற்ற எண்ணிக்கையைத் தரவுத்தளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்து விளம்பரப் பக்கங்கள். பொம்மைக்கும் உடற்பயிற்சிப் புத்தகத்துக்கும் பணம் அனுப்பும் கூப்பன்களைச் சிறுவர்கள் கத்தரித்து அனுப்பிவிடுவார்கள். அந்தக் கூப்பனின் மறுபுறத்தில் கதையின் ஒரு படக்கட்டம் போயிருக்கும். கூப்பன் பின்னட்டையின் வெளிப்புறத்தில் இருந்தால் கதைக்கு இழப்பில்லை, விலையைக் குறைத்துக் கேட்டு வாங்கலாம். பின்கள் துருப்பிடித்திருக்கின்றனவா, மாற்றப்பட்டிருக்கின்றனவா, ஓரங்கள் வெட்டிச் சீராக்கப்பட்டிருக்கின்றனவா, அட்டையின் கீறல்களில் பேனா மை பூசப்பட்டிருக்கிறதா என்பவற்றையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஒட்டுநாடா ஒட்டிய பிரதிகளைத் தவிர்ப்பது நல்லது. அதன் பசை தாளுக்குள் இறங்கிப் பழுப்பாகிவிட்டால் எடுக்க முடியாது.

பிரதியை மதிப்பிட்டு நெகிழிப் பெட்டியில் முத்திரையிட்டுத் தரும் நிறுவனங்கள் இருக்கின்றன. 2000இல் தொடங்கிய சிஜிசி அவற்றில் முதன்மையானது. அட்டைக்காகச் சேர்ப்பவர்களுக்கு அது பொருந்தலாம். நம் கதைகளோ உள்ளே இருக்கின்றன. முத்திரையிட்ட பெட்டியைத் திறக்காமல் ஒரு பக்கத்தைக்கூடப் புரட்ட முடியாது என்பதால், இந்த வகைக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அட்டை மடிந்து மூலை தேய்ந்திருந்தாலும் உள்பக்கங்கள் முழுமையாக உள்ள நடுத்தரப் பிரதியே இங்கே வாங்கத் தக்கது, விலையும் எட்டும்.

படிக்கும் முறை

இந்தக் கதைகளை முதல் முறை கதைக்காகப் படியுங்கள். இரண்டாம் முறை, வசனங்களை விட்டுவிட்டு வீட்டை மட்டும் பாருங்கள். ரோபோ எந்த அறையில் நிற்கிறது, வேலை முடிந்ததும் எங்கே வைக்கப்படுகிறது, சாப்பாட்டு மேசையில் அதற்கு இடம் உண்டா, யார் அதற்குக் கட்டளையிடுகிறார்கள், முன்பு அந்த வேலையைச் செய்த மனிதர் எங்கே போனார்? கதையாசிரியர் சொல்லாமல் விட்டதை ஓவியர் பின்புலத்தில் சொல்லியிருப்பார்.

வாலஸ் வுட் வரைந்த கதையில் மனிதர் ஒருவர்கூட இல்லை. சுவர்க் குரல் நேரத்தை அறிவிக்கிறது, அடுப்பு காலை உணவைத் தயாரிக்கிறது, உண்ண ஆளின்றி அது குப்பைக்குப் போகிறது, எலி வடிவச் சிறு இயந்திரங்கள் சுவரின் பொந்துகளிலிருந்து வந்து தரையைத் துடைத்துவிட்டுத் திரும்புகின்றன. அணுகுண்டு வெடித்தபோது வீட்டார் நின்ற இடங்கள் மட்டும், கரிந்த வெளிச்சுவரில் நிழலுருவங்களாகப் பதிந்திருக்கின்றன. வுட் எப்போதும் இயந்திரங்களை நெருக்கமான விவரங்களோடு நிரப்பி வரைபவர். இங்கே அந்த நெருக்கம் வெறுமையைக் கூட்டுகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் ஏதோ ஒன்று உழைத்துக்கொண்டே இருக்கிறது, யாருக்காக என்பதற்கு மட்டும் விடை இல்லை. பக்கத்தை மெதுவாகப் புரட்டி, நேரம் அறிவிக்கப்படும் கட்டங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாருங்கள்; கதையை நகர்த்துவது அந்தக் கடிகாரம்தான்.

இதோடு சேர்த்துப் படிக்க வேண்டியது, ஈண்டோ பைண்டர் என்ற பெயரில் 1939 ஜனவரியிலிருந்து வந்த ஆடம் லிங்க் சிறுகதைகளின் காமிக்ஸ் வடிவம். 1955இல் வியர்ட் சயின்ஸ்-ஃபேன்டஸியின் 27, 28, 29 ஆகிய மூன்று இதழ்களில் ஜோ ஓர்லாண்டோ அதை வரைந்தார். தன்னைப் படைத்த விஞ்ஞானியின் வீட்டில் வளரும் ரோபோ அவரைக் கொன்றுவிட்டதாகக் குற்றம் சாட்டப்படுகிறது. அந்தப் பழியை முதலில் எழுப்புவது வீட்டுப் பணிப்பெண். ரோபோ வந்தால் தன் வேலை போகும் இடத்தில் நிற்பவரும் அவரே என்பதை நினைவில் வைத்துப் படித்தால், அந்தக் காட்சிக்கு இன்னொரு கனம் கூடுகிறது. பத்தாண்டுகள் கழித்து, 1965இல், க்ரீப்பி இதழுக்காக ஓர்லாண்டோவே ஆடம் லிங்க் கதைகளை மறுபடியும் வரைந்தார். ஒன்று வண்ணத்தில், மற்றொன்று கறுப்பு வெள்ளையில். இரண்டையும் பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்ப்பது, ஓர் ஓவியரின் கை பத்தாண்டில் எப்படி மாறுகிறது என்பதைக் கற்க நல்ல வழி.

காமிக்ஸ் கோட் நெறிமுறை வந்த பிறகு இந்தக் கதைகளின் குரல் மாறுகிறது. பயமும் குற்றமும் கட்டுப்படுத்தப்பட்டதால் வீட்டு ரோபோ வேடிக்கைப் பாத்திரமாகிறது. இல்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். கையில் பணம் தீர்ந்தபோதெல்லாம் ஸ்டார் ஹாக்கின்ஸ் அவளை அடகு வைக்கிறார். அவள் வருந்துகிறாள், பிறகு மீட்கப்பட்டு வழக்கைத் தீர்த்தும் தருகிறாள். சிரிக்க வைப்பதற்காக எழுதப்பட்ட காட்சிதான். ஆனால் வருந்தத் தெரிந்த ஒருத்தியை அடகுக்கடையின் அலமாரியில் பார்க்கும்போது, முந்தைய பத்தாண்டின் கதைகள் நேராகக் கேட்ட கேள்வி இங்கேயும் இருப்பது தெரியும். ஏவலும் உதவியும் செய்யும் ரோபோக்களுக்குப் பெண்ணுருவம் தருவதும், ரோசிக்கு ஏப்ரன் கட்டிவிடுவதும், அந்தக் காலம் வீட்டு வேலையை யாருடையதாக நினைத்தது என்பதைக் காட்டுகின்றன. இந்தப் பக்கங்களை விளம்பரப் பக்கங்களோடு சேர்த்துப் படிப்பது அவசியம்; கதையை மட்டும் பிரித்துத் தரும் மறுபதிப்புகளில் அது முடியாது.

ஜப்பானிய இதழ்கள்

டோரேமான், 22ஆம் நூற்றாண்டிலிருந்து ஒரு சிறுவனைப் பார்த்துக்கொள்ள அனுப்பப்பட்ட ரோபோ. அலமாரிக்குள் படுத்துத் தூங்குகிறது, குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடுகிறது. இந்த வகையில் இதைவிட வீட்டோடு ஒன்றிய ரோபோவை நான் கண்டதில்லை. 1970 ஜனவரி தேதியிட்டு, 1969 டிசம்பரில் கடைக்கு வந்த ஷோகாகுகான் பதிப்பகத்தின் ஆறு சிறுவர் இதழ்களில் இது ஒரே சமயத்தில் தொடங்கியது. ஒவ்வோர் இதழும் வெவ்வேறு வயதினருக்கு உரியது என்பதால், ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோ ஆறு விதமான முதல் கதைகளை வரைந்தார். எனவே முதல் இதழ் என்று ஒரே ஒரு பிரதியைக் காட்டி யாராவது விற்றால், அது எந்த வகுப்புக்கான இதழ் என்று கேட்க வேண்டும். 1974 முதல் வந்த 45 தொகுதிகளில் எல்லாக் கதைகளும் இடம்பெறவில்லை. விடுபட்டவற்றை 2009 முதல் வந்த முழுத்தொகுப்பில் காணலாம்.

தெசுகா நூல் பதிப்புகளுக்காகத் தம் பக்கங்களைத் திரும்பத் திரும்பத் திருத்தியவர். இதழில் வந்த ஆட்டமும் நூலில் வந்த ஆட்டமும் பல இடங்களில் வேறுபடும். இதழில் வந்ததைத்தான் காண வேண்டும் என்றால், இதழ்ப் பக்கங்களை அப்படியே படியெடுத்து வெளியிட்ட பதிப்பா என்று விசாரித்து வாங்குங்கள். பக்கங்கள் வலமிருந்து இடமாக ஓடும் என்பதைப் புதியவர்கள் மறந்துவிடக் கூடாது. பழைய மொழிபெயர்ப்புகள் சிலவற்றில் படங்களையே கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பியிருப்பார்கள்.

பாதுகாத்தல்

நியூஸ்பிரிண்ட் மரக்கூழை அரைத்துச் செய்யப்படுவது. அதில் தங்கிவிடும் லிக்னின் என்ற மரப்பொருள் ஒளியிலும் காற்றிலும் மஞ்சளிக்கிறது. தாளிலேயே உள்ள அமிலம் இழைகளை முறித்து நொறுங்க வைக்கிறது. இதை நிறுத்த முடியாது, தாமதப்படுத்தலாம். 18 முதல் 20 பாகை செல்சியஸ் வெப்பமும் 35 முதல் 50 விழுக்காடு ஈரப்பதமும் ஏற்றவை. அந்த அளவை எட்ட முடியாத வீட்டில், ஏற்ற இறக்கம் இல்லாமல் பார்த்துக்கொள்வதே முக்கியம். மாடிப் பரணும் தரையை ஒட்டிய அலமாரியும் வெளிச்சுவரை ஒட்டிய இடமும் வேண்டாம். நேர்வெயில் மட்டுமல்லாமல் அறையின் விளக்கொளியும் அட்டையின் சிவப்பை வெளிறச் செய்யும் என்பதால், சட்டமிட்டு மாட்ட விரும்பினால் வண்ண நகலை மாட்டுங்கள்.

ஒவ்வோர் இதழையும் தனி உறையில் இட வேண்டும். மைலார் என்று விற்கப்படும் பாலியஸ்டர் உறை நெடுங்காலம் நிலைக்கும். பாலிப்ரொப்பிலீன் உறையை இடைவெளி விட்டு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பிவிசி உறையைத் தொடவே வேண்டாம், அதிலிருந்து கசியும் வேதிப்பொருள் மையோடு ஒட்டிக்கொள்ளும். உள்ளே முதுகுக்குக் கொடுக்கும் அட்டை அமிலமற்றதாகவும் கால்சியம் கார்பனேட் சேர்த்ததாகவும் இருக்கட்டும். பெட்டியில் நெட்டையாக நிறுத்தி, சாயாத அளவுக்கு நெருக்கமாகவும் உருவி எடுக்கும் அளவுக்குத் தளர்வாகவும் அடுக்குங்கள். 1940களின் இதழ்களுக்கு அகலமான உறை தேவை. சிறிய உறையில் திணித்தால் ஓரம் சுருளும்.

படிக்கும்போது கையைக் கழுவி நன்றாகத் துடைத்துக்கொண்டு, மேசைமேல் வைத்து, முதுகு தட்டையாக விரியாதபடி பாதி திறந்த நிலையில் படியுங்கள். துணிக் கையுறையால் நொறுங்கும் தாளின் ஓரத்தை உணர முடியாது. சுத்தமான விரலே பாதுகாப்பானது. கிழிந்ததை ஒட்டுநாடாவால் ஒட்டுவதும் லேமினேட் செய்வதும் அமில நீக்கத் தெளிப்பானை வீட்டில் அடித்துப் பார்ப்பதும் கூடாது. அரிய பிரதிக்குப் பழுது பார்த்தே ஆக வேண்டும் என்றால், தாள் பாதுகாப்பில் பயிற்சி பெற்றவரிடம் கொடுங்கள்.

கடைசியாக, பதிவு. உறைக்கும் முதுகு அட்டைக்கும் இடையில் அமிலமற்ற சிறு தாள் ஒன்றைச் செருகி, பதிப்புக் குறிப்பில் உள்ள இதழின் பெயர், எண், ஆண்டு, மாதம், கதையின் தலைப்பு, அது தொடங்கும் பக்கம், ஓவியர், ரோபோ செய்யும் வேலை ஆகியவற்றைப் பென்சிலால் எழுதி வையுங்கள். இதழின் பெயர் வரிசையில் அடுக்குவதற்குப் பதிலாக, ரோபோ செய்யும் வேலையின்படி சமையல், குழந்தை வளர்ப்பு, காவல், எழுத்து வேலை என்று பெட்டிகளைப் பிரித்து வைக்கலாம். அப்படி வைத்தால் 1953இன் இதழும் 1963இன் இதழும் அடுத்தடுத்து வந்து நிற்கும், ஒரே வேலையை இரண்டு காலங்கள் எப்படி வரைந்தன என்பதைப் பெட்டியைத் திறந்தவுடன் ஒப்பிடலாம். ஓவியர் பெயர் தெரியாத கதைகளுக்கு அந்த இடத்தைக் காலியாகவே விடுங்கள். அக்காலத்துப் பதிப்பகங்கள் பல, பெயர் போடும் வழக்கமே இல்லாதவை. யாரோ ஒருவர் பிற்பாடு கண்டறிந்து தரவுத்தளத்தில் சேர்க்கும்போது நிரப்பிக்கொள்ளலாம், உங்களிடம் மட்டும் உள்ள விவரத்தை நீங்களும் அங்கே சேர்க்கலாம்.